ஓர் அங்குலச் சிப்பாயும் நீலமலை வெளிச்சமும்

சின்னஞ்சிறு உருவங்களை ஒரு பீடத்தின் மேல் நிறுத்தி வைக்கும் கலை நீலகிரிக்குப் புதிதல்ல. மலைமுகடுகளில் உள்ள பழங்கால ஈமக் கல்வட்டங்களை 19ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது உயரமான சுடுமண் கலங்கள் கிடைத்தன. அவற்றின் மூடிகள் மேல் எருமைகள், குதிரை வீரர்கள், மனிதர்கள் என்று சிற்றுருவங்கள் நின்றன. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இப்படிப்பட்ட பொருட்களைத் திரட்டினார். 1872இல் அவர் இறந்துவிட, அவர் எழுதிய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. அவர் சேர்த்தவற்றைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

அந்த எருமைகளை வனைந்தவர் உண்மையான எருமையை அளந்து சுருக்கவில்லை. கொம்பின் வளைவுக்கு அழுத்தம் கொடுத்தார். கண்ணுக்கு ஒரு களிமண் உருண்டையை ஒட்டி அதில் ஒரு கீறல் போட்டார். பார்ப்பவர் கண்ணுக்கு எது வேண்டுமோ அதைக் கூட்டினார், வேண்டாததை விட்டுவிட்டார். இன்று உலகெங்கும் போர் விளையாட்டுக்காக மினியேச்சர் எனும் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுபவர்கள் கடைப்பிடிக்கும் முதல் விதியும் இதுதான்: பெரியதை அப்படியே சுருக்கினால் அது சின்னதாகத்தான் தெரியும். பெரியதாகத் தெரிய வேண்டுமானால், அளவு சுருங்கும்போது தொலைந்துபோகும் ஒளியையும் நிழலையும் தொலைவையும் தூரிகையால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏன் அப்படி என்பதற்கு இயற்பியலும் கண்ணின் இயல்பும் விடை சொல்கின்றன. அந்த விடைகளைக் கண்ணெதிரே பார்க்க ஊட்டி, குன்னூர் போல் வாய்ப்பான இடங்கள் குறைவு.

மேசை மேல் போர்க்களம்

பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் தம் மன்னருக்கு ஒரு மேசையைச் செய்து கொடுத்தார். ஆறு, காடு, மேடு, சாலை என நிலத்துண்டுகளை விரும்பியபடி மாற்றி அடுக்கலாம், அதன்மேல் படைகளை நகர்த்தலாம். அவர் மகன் 1824இல் அதை வரைபடத்தின் மேல் ஆடும் பயிற்சியாகச் செப்பனிட, ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1913இல் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை ஒரு சிறு நூலாக எழுதினார். ராணுவத்தின் பயிற்சியாக இருந்தது வீட்டுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

நீலகிரியில் வெலிங்டன் ராணுவ நகரம். குவெட்டாவில் இருந்த பணியாளர் கல்லூரியின் இந்தியப் பகுதி 1947இல் இங்கே வந்தது. மதராஸ் ரெஜிமெண்டின் தலைமைப் பயிற்சி மையமும் இங்கேதான் இருக்கிறது. தரையில் மணலைக் குவித்து மலை, ஓடை, பாலம் எல்லாம் வண்ணப்பொடியால் காட்டும் மணல் மாதிரி இந்திய ராணுவ அதிகாரிகளுக்கு நன்கு பழக்கமான பயிற்சிக் கருவி. நம் வீடுகளில் நவராத்திரிக் கொலுவின் கீழே கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்வெளியும் பூங்காவும் அமைப்பவர்கள் செய்வதும் இதே வகை வேலைதான். உருவத்துக்குக் காலடியில் ஓர் உலகம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்றைய போர் விளையாட்டு மினியேச்சர்களில் பரவலானது 28 மி.மீ. அளவு. பாதத்திலிருந்து கண் வரை 28 மி.மீ., அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். உண்மை மனிதரில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. 19ஆம் நூற்றாண்டு மதராஸ் படையின் சிவப்புச் சட்டைச் சிப்பாய் ஒருவரை இந்த அளவில் எடுத்துக்கொண்டு, அவரைத் தேயிலைச் சரிவில் நிறுத்தப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

முப்பது மீட்டருக்கு அப்பால்

முதல் கணக்கு மிக எளிது. அறுபதில் ஒரு பங்கு உருவத்தை அரை மீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பதும், உண்மையான ஆளை 30 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதும் கண்ணுக்கு ஒரே கோணம். நல்ல பார்வை உள்ளவரின் கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒன்று. 30 மீட்டர் தொலைவில் அது 9 மி.மீ. மினியேச்சரின் மேல் அது 0.15 மி.மீ.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். 2 செ.மீ. சட்டைப் பொத்தான் மினியேச்சரில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். ஒரு புள்ளி வைத்தால் போதும், அதன் நான்கு துளைகளைத் தேட வேண்டியதில்லை. முகத்தில் வெண்விழியும் கருவிழியும் பிரிந்து தெரிவதைவிட, புருவத்துக்குக் கீழே விழும் நிழல்தான் 30 மீட்டரில் கண்ணைக் கண்ணாகக் காட்டுகிறது. அந்த நிழலைச் சரியாக வைத்தால் முகம் உயிர்பெறும். வெண்விழியைப் பெரிதாக வரைந்தால் சிப்பாய் எதையோ கண்டு மிரண்டவர்போல் ஆகிவிடுவார்.

இரண்டாவது பாடம் வண்ணத்தின் தடிமன். பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடித்த பூச்சு, அளவுப்படி பார்த்தால், உண்மையான சட்டையின் மேல் 6 மி.மீ. தடித்த சாந்து. மடிப்புகள் மூழ்கிவிடும். அதனால்தான் அக்ரிலிக் வண்ணத்தில் தண்ணீர் சேர்த்து, ஒன்று காய்ந்தபின் இன்னொன்றாக மெல்லிய பூச்சுகள் கொடுக்கிறார்கள்.

அறைக்குள் சூரியன் இல்லை

நடுப்பகல் வெயிலின் ஒளிச்செறிவு ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வீட்டு விளக்கின் கீழ் சில நூறு லக்ஸ்தான் கிடைக்கும். இரண்டு ஒளிக்கும் கண் தன்னைப் பழக்கிக்கொள்வதால் இந்த வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை. ஆனால் கண் முழுமையாக ஈடுசெய்வதும் இல்லை. வெளிச்சம் கூடும்போது நிறங்கள் அதிகச் செறிவோடு தெரிகின்றன என்பதை ஆர்.டபிள்யூ.ஜி. ஹன்ட் 1952இல் காட்டினார். இன்று அது ஹன்ட் விளைவு என்றே வழங்குகிறது. வெளிச்சம் கூடக்கூட வெளிச்சத்துக்கும் நிழலுக்குமான வேறுபாடும் கூர்மையாகத் தெரியும் என்பது இன்னொரு கண்டுபிடிப்பு. அது ஸ்டீவன்ஸ் விளைவு.

ஆகவே வெயிலில் நிற்கும் சிவப்புச் சட்டையிலிருந்து அதே துணியை வெட்டி மினியேச்சருக்குப் போர்த்தினாலும், அறைக்குள் அது மங்கலாகத்தான் தெரியும். தீட்டுபவர் சிவப்பை உண்மையைவிடச் செறிவாகவும், நிழலை உண்மையைவிட ஆழமாகவும் வைப்பது மிகைப்படுத்தல் அல்ல. அறை விழுங்கிய வெயிலை அவர் திருப்பித் தருகிறார்.

செறிவு மட்டுமல்ல, ஒளியின் திசையும் அறைக்குள் மாறுகிறது. சூரியன் வானில் வெறும் அரைப் பாகை அகலம்தான், அதனால் அதன் நிழலுக்கு விளிம்பு உண்டு. வெள்ளைச் சுவரும் கூரையும் உள்ள அறையிலோ ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் திரும்பி வருகிறது. இதன் விளைவைப் பெரிய அளவில் காண ஆடி மாதத்தில் குன்னூருக்கு வர வேண்டும். மஞ்சு இறங்கிய காலையில் முழு வானமும் ஒரே விளக்காகிவிடும். கொழுந்து பறிப்பவர்கள் காலடியில் நிழல் இருக்காது. சரிவுகள் மேடுபள்ளம் தெரியாமல் தட்டையாகிவிடும். பத்து நிமிடத்தில் மேகம் விலகி வெயில் விழுந்தால், அதே சரிவில் ஒவ்வொரு செடி வரிசையும் தனித்தனியாக எழுந்து நிற்கும். நிலம் மாறவில்லை, ஒளியின் திசைதான் மாறியது. வண்ணம் பூசாத மினியேச்சர் எப்போதும் அந்த மஞ்சு மூடிய காலைக்குள் நிற்கிறது. அதை வெயிலுக்குக் கொண்டுவருவதுதான் தூரிகையின் வேலை.

ஒளி மேலிருந்து வரும் என்ற நம்பிக்கை

வெயிலை எந்தப் பக்கத்திலிருந்து வரைவது? இதற்கு விடை நம் மூளைக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988இல் வெளியிட்ட ஆய்வுகளில் எளிய வட்டங்களைப் பயன்படுத்தினார். மேலே வெளுத்து, கீழே படிப்படியாகக் கறுக்கும் வட்டம் புடைத்து நிற்பதாகத் தோன்றுகிறது. அதையே தலைகீழாக்கினால் குழியாகத் தோன்றுகிறது. ஒளி ஒரே இடத்திலிருந்து, அதுவும் மேலிருந்து வருகிறது என்று மூளை கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. சூரியனுக்குக் கீழே வாழ்ந்த உயிர்களுக்கு அந்த ஊகம் இயல்பானதே.

மினியேச்சர் தீட்டுபவர்கள் இந்த ஊகத்தின் மேல்தான் தங்கள் முறையைக் கட்டியிருக்கிறார்கள். முதலில் உருவம் முழுதும் பிரைமர் எனும் கறுப்பு அடிப்பூச்சு அடிப்பார்கள். காய்ந்ததும் உச்சிக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை தூவுவார்கள். தலைப்பாகை, தோள், முழங்காலின் மேற்பகுதி வெளுக்கும். மோவாய்க்குக் கீழும் அக்குளும் சட்டை மடிப்பின் அடிப்பகுதியும் கறுப்பாகவே நிற்கும். இதற்கு மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய சிவப்பைப் பூசினால், சட்டைக்குப் பாதி உருவம் அப்போதே வந்துவிடும்.

இயற்கை இதே விதியை எதிர்ப்பக்கமாகவும் பயன்படுத்துகிறது. முதுமலைப் புள்ளிமானைப் பாருங்கள்: முதுகு அடர்பழுப்பு, வயிறு வெளுப்பு. மேலிருந்து விழும் வெயில் முதுகை வெளுக்கவைக்கிறது, நிழல் வயிற்றைக் கறுக்கவைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும்போது மானின் திரட்சி மறைந்து, பார்ப்பவருக்குத் தட்டையான ஒரு பழுப்புப் பரப்பு மட்டும் மிஞ்சும். அமெரிக்க ஓவியர் அபட் தேயர் 1896இல் முன்வைத்த விளக்கம் இது. மறைந்துகொள்ள மான் மேலே கறுப்பும் கீழே வெளுப்பும் அணிகிறது. கண்ணில் படுவதற்காகச் சிப்பாய் அதைத் தலைகீழாக்கி அணிகிறார்.

நிழலுக்கு எந்த நிறம் என்பதிலும் மலை நமக்கு ஆசான். தெளிந்த நாளில் நேர்வெயில் படாத இடத்தை ஒளியூட்டுவது நீலவானம். எனவே நிழல் வெறும் கறுப்பு அல்ல, அதில் நீலம் கலந்திருக்கிறது. சிவப்புச் சட்டையின் மடிப்புக்குக் கறுப்பைக் கலக்காமல் நீலம் கலந்த அரக்கு நிறம் வைத்தால் வெயில் நம்பும்படி இருக்கும். ஒளிபடும் விளிம்புக்கு வெள்ளை சேர்த்தால் சிவப்பு செறிவிழந்து ரோஜா நிறமாகிவிடும். அங்கே செம்மஞ்சள்தான் பொருந்தும்.

பள்ளத்தில் இறங்கும் நிறம்

அடுத்த கட்டத்துக்குப் பெயர் வாஷ். நீர்த்த அடர்நிறத்தை உருவம் முழுதும் தடவுகிறார்கள். பரப்பு இழுவிசை அந்த நீரை மேடுகளிலிருந்து இழுத்து, குறுகிய மடிப்புகளுக்குள் தேக்குகிறது. நீர் ஆவியானதும் நிறமி அங்கேயே தங்கிவிடும். மனிதக் கை வரைய முடியாத மெல்லிய நிழற்கோட்டை நீரே வரைந்து தருகிறது.

ஆனால் சமதளத்தில் வாஷ் தேங்கினால் ஓரத்தில் கறை வளையம் விழும். துளியின் விளிம்பு மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. அங்கே ஆவியாகிப்போகும் நீரை ஈடுசெய்யத் துளியின் நடுவிலிருந்து நீர் ஓடிவருகிறது. வரும்போது நிறமியையும் சுமந்து வருகிறது. காபிக்கறை வளையம் என்று அறிவியலார் அழைக்கும் இந்த விளைவை 1997இல் சிகாகோ ஆய்வாளர்கள் விளக்கினார்கள். வாஷ் காய்வதற்குள் ஈரத் தூரிகையால் தேக்கத்தை உறிஞ்சி எடுப்பது இதற்காகத்தான்.

வாஷ் பள்ளத்துக்கு, டிரை பிரஷ் மேட்டுக்கு. தூரிகையின் வண்ணத்தைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மீதமிருக்கும் சொற்ப வண்ணத்தை மேலோட்டமாக உரசினால் மேட்டு விளிம்புகளில் மட்டும் ஒட்டும். விளிம்பு ஏன் இவ்வளவு முக்கியம்? விழித்திரையில் அருகருகே உள்ள நரம்பணுக்கள் ஒன்றையொன்று அடக்குவதால், இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டைக் கண் தானாகவே கூட்டிக் காட்டுகிறது. இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865இல் விவரித்த பட்டைகள் இவை. மங்கிய அறையில், மிகச்சிறிய உருவத்தில், கண்ணுக்கு அந்த வேலை கடினமாகிறது. துப்பாக்கியின் விளிம்பில் இழுக்கும் ஒரு வெளிர்க்கோடு அதற்குக் கைகொடுக்கிறது.

இங்கே ஊட்டிக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். மழைமாதங்களில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் உருவத்தின் மேல் வெண்படலம் பூத்துவிடும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நுண்துளிகளாகப் படிந்து, படலத்துக்குள் சிக்கி ஒளியைச் சிதறடிக்கிறது. வெயிலடிக்கும் உலர்ந்த நாளுக்குக் காத்திருப்பது நல்லது. அவசரமென்றால் தண்ணீரில் கரையும் வார்னிஷைத் தூரிகையால் பூசலாம்.

காலடி மண்

உருவம் முடிந்தாலும் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. அந்தச் சிப்பாய் எந்த ஊரில், எந்தப் பருவத்தில் நிற்கிறார் என்று சொல்வது பேஸ் எனப்படும் அவர் காலடி வட்டம். அங்கே எந்தப் பொருள் சுருங்கும், எது சுருங்காது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கல் அருமையாகச் சுருங்கும். பாறையின் பிளவுகள் சிறிய அளவிலும் பெரிய அளவிலும் ஒத்த வடிவம் கொண்டவை. கணிதவியலாளர் மாண்டெல்பிராட் 1967இல் பிரிட்டன் கடற்கரையின் நீளத்தை வைத்து எழுப்பிய கேள்வி இந்த ஒப்புமையைப் பற்றியதே. பாறையைப் படமெடுக்கும் நிலவியலாளர் பக்கத்தில் ஒரு சுத்தியலையோ நாணயத்தையோ வைப்பது வழக்கம். வைக்காவிட்டால் அது ஒரு சாண் கல்லா, நூறு அடிச் செங்குத்தா என்று படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. நீலகிரியின் சார்னோக்கைட் கல்லில் கூர்மையாகப் பிளந்த ஒரு சில்லை நட்டுவைத்தால், 28 மி.மீ. சிப்பாய்க்கு அது ஆளுயரப் பாறை.

மணலில் கவனம் வேண்டும். அரை மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் 3 செ.மீ. சரளைக்கல். சரளைப் பாதைக்கு அது பொருந்தும்; மலைச் செம்மண்ணைக் காட்ட வேண்டுமானால் மாவாகச் சலித்த மண் வேண்டும்.

தண்ணீர் சுருங்கவே சுருங்காது. 3 மி.மீ. துளி இங்கே 18 செ.மீ. நீருருண்டையாகிவிடும். பரப்பு இழுவிசைக்கு அளவுகோல் தெரியாது. விழும் வேகமும் பொய்த்துவிடும்: கோத்தகிரிக்கு அருகே கேத்தரின் அருவி ஏறத்தாழ 76 மீட்டர் உயரம். காற்றின் தடையை விட்டுவிட்டால், மேலிருந்து விழும் நீர் தரையைத் தொட 4 விநாடிக்குச் சற்றே குறைவு. அறுபதில் ஒரு பங்கு மாதிரியில் அது 1.27 மீட்டர், அரை விநாடியில் விழுந்துவிடும். மாதிரி அருவியைப் படம் பிடிக்கும் திரைப்படக் கலைஞர்கள் வேகத்தை ஏழெட்டு மடங்கு குறைத்துக் காட்டுவது இதனால்தான். அசையாத பேஸில் ஓடையைத் தெளிந்த ரெசினால் வார்த்துவிடுகிறார்கள்.

இனி தேயிலை. கவாத்து செய்து இடுப்பளவில் நிறுத்திய செடி இந்த அளவில் ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். பஞ்சுபோன்ற ஸ்பாஞ்சைக் கத்தரித்து, மேற்பரப்பை மேசைபோல் மட்டமாக்க வேண்டும். உருண்டையாக விட்டால் அது வேறு எந்தப் புதராகவும் இருக்கலாம். முழுதும் கரும்பச்சை பூசி, காய்ந்தபின் மேல்மட்டத்தில் மட்டும் மஞ்சள் கலந்த இளம்பச்சையை டிரை பிரஷ் செய்யுங்கள். உண்மைச் செடியிலும் அப்படித்தான்: கீழே முதிர்ந்த கரும்பச்சை இலைகள், மேலே புதிதாகத் துளிர்த்த கொழுந்து. வண்ணக்காரர் தேடும் மேலொளியைத் தேயிலை தானே பூசிக்கொண்டு நிற்கிறது. செடிகளுக்கு இடையே ஆள் நடக்கும் தடத்தை விட்டு, வரிசைகளைச் சரிவின் வளைவோடு திருப்பினால், பார்த்தவுடன் நீலகிரி என்று சொல்லிவிடலாம்.

சருகுக்கு டீத்தூளே போதும். வடிகட்டிய தூளை வெயிலில் முறுகக் காயவைத்துத் தூவினால், அரை மில்லிமீட்டர்த் துணுக்குகள் உதிர்ந்த இலைகளாகிவிடும். ஈரம் மிச்சமிருந்தால் இந்தக் குளிரில் பூஞ்சணம் பிடிக்கும். தூளை நிலைநிறுத்த ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து சொட்டுவிடும்போது, அதில் ஒரு துளி பாத்திர சோப்பையும் சேருங்கள். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் பசை உருண்டு நிற்காமல் தூளுக்குள் ஊறி இறங்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது. சோலைக்காட்டு மரங்களிலிருந்து பாசியையும் லைக்கனையும் பேஸுக்காகப் பிய்த்து வராதீர்கள். அவை மெல்ல வளர்பவை. காட்டின் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பவை. 1986இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் இன்னும் மிஞ்சியிருக்கும் சோலைகள் நம் அலமாரிக்கான சரக்கு அல்ல. ஸ்பாஞ்சும் டீத்தூளும் வீட்டுத் தோட்டத்து மண்ணும் தாராளமாகப் போதும்.

தொலைவுக்கும் நிறம் உண்டு

சிப்பாய்க்குப் பின்னால் மலைத்தொடர் ஒன்றை அட்டையில் வரைந்து நிறுத்தினால் காட்சி முழுமையாகும். அதற்கு முன் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா மேலிருந்து தெளிந்த நாளொன்றில் பாருங்கள். அருகிலுள்ள சரிவு பச்சை, அடுத்தது நீலப்பச்சை, அதற்கப்பால் நீலம், கடைசி மலை வானத்தோடு கரையும் வெளிர்நீலம். காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீள ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கின்றன. அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதம் என்பது ராலே விதி. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. நமக்கும் தொலைமலைக்கும் நடுவே உள்ள காற்றே நீலமாக ஒளிர்கிறது.

மஞ்சு இறங்கினால் கதை வேறு. அதன் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை; எல்லா நிறத்தையும் ஒரேபோல் சிதறடிப்பதால் தொலைவு வெண்சாம்பலாகிறது. இரண்டிலும் பொதுவான ஒன்று: தொலைவு கூடக்கூட இருளுக்கும் ஒளிக்குமான வேறுபாடு தேய்கிறது. அரை மீட்டர் மேசையில் இதைச் செய்யக் காற்று போதாது, வண்ணம்தான் செய்ய வேண்டும். பின்னால் போகப்போக நிறத்தில் வெளிர்நீலமோ சாம்பலோ கூட்டி, விவரத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். மிக ஆழ்ந்த கறுப்பும் மிகச் செறிந்த சிவப்பும் சிப்பாய்க்கு மட்டும் உரியவை. அந்தச் சிக்கனம்தான் அவரை முன்னால் தள்ளி நிறுத்துகிறது.

படம் எடுக்கும்போதும் ஓர் எச்சரிக்கை. மிக அருகிலிருந்து எடுத்த படத்தில் முன்னும் பின்னும் மங்கிவிடும். அந்த மங்கலைக் கண்டதும் மூளை, இது சின்னப் பொருள் என்று தீர்மானித்துவிடும். கேமராவின் துவாரத்தைக் குறுக்கினால் கூர்மை ஆழம் வரை போகும். கேமராவைச் சிப்பாயின் கண்மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். அப்போது அடிவானம் அவர் கண்ணுக்கு நேரே வரும், பார்ப்பவரும் அதே தரையில் நிற்பதாக உணர்வார்.

பள்ளிப் பாடநூலில் ஒளிச்சிதறல் ஓர் அத்தியாயம், பரப்பு இழுவிசை இன்னோர் அத்தியாயம், கண் வேறொரு பாடம், பாறை வேறொரு பாடம். ஓர் அங்குலச் சிப்பாயை முடிப்பதற்குள் இவை அத்தனையும் ஒரே கைவேலையில் வந்து சேர்கின்றன. தப்பாகச் செய்தால் உடனே தெரிகிறது, திருத்தவும் முடிகிறது. ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் உள்ள அறிவியல் ஆசிரியர்கள் இதை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் விருப்பம். செலவு அதிகமில்லை: கறுப்பு, வெள்ளை உட்பட நாலைந்து அக்ரிலிக் புட்டிகள், இரண்டு தூரிகைகள், ஒரு களிமண் உருவம், காய்ந்த டீத்தூள். மற்றதெல்லாம் சன்னலுக்கு வெளியே இருக்கிறது. மாணவர்கள் அதை முதலில் ஒரு மணி நேரம் நன்றாகப் பார்க்கட்டும், தூரிகையை அப்புறம் எடுக்கட்டும்.